நாற்பத்தொன்றரை அங்குலம்

பொருள் ஒன்று, பெயர்கள் நான்கு. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் அதனைக் ‘கேப்’ என்பர். நடுமேற்கில் ‘டாப்பர்’. கலிபோர்னியாவிலும் தென்மேற்கிலும் ‘கேம்பர் ஷெல்’. வடமேற்கு மலைநாட்டுக்குப் போனால் அதுவே ‘கானபி’ ஆகிவிடும். தொப்பி, மேல்மூடி, ஓடு, விதானம் என்று அந்தப் பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், ஒவ்வொரு வட்டாரமும் அப்பொருளை ஒவ்வொரு விதமாகப் பார்த்திருப்பது விளங்கும். தொப்பி அழகுக்கு, மூடி பாதுகாப்புக்கு, ஓடு, ஆமையைப் போல அதனுள்ளேயே வாழ்வதற்கு.

பொருள் இதுதான். பிக்கப் டிரக் எனும் வண்டியில் முன்புறம் ஓட்டுநரும் பயணிகளும் அமரும் அறை. பின்புறம் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. அத்தொட்டியின் விளிம்புகள் மீது கவிழ்த்து, கவ்விகளால் இறுக்கிப் பொருத்தும் கூரையே நாங்கள் சொல்ல வந்தது. அதில் பக்கச் சன்னல்கள் உண்டு; பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு உண்டு. அடுப்பும் கட்டிலும் வைத்துக் கட்டிய நகரும் வீடன்று அது. வெறும் கூரை. அதன் கீழே எப்படி வாழ்வது என்பதை வாங்குகிறவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நாங்கள் இதனை ‘மேற்கூண்டு’ என்று அழைத்தோம். தமிழ் படித்தவருக்குக் கூண்டு வண்டி நினைவுக்கு வராமல் போகாது. அதற்கும் முன்னே போனால் உமணர் வண்டி. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உப்பு வண்டிக்குக் கூரை வேய்ந்திருக்கிறது, காடிக்கலம் தொங்குகிறது, கோழிக்கும் இடம் இருக்கிறது, கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சை உவமையாக்குகிறார். இந்தக் காலத்து டிரக்கின் அடியில் மாற்றுச் சக்கரம் தொங்குவதைப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு வகுப்பறை எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் எங்களில் இளையவர்; டிரக்குக்கு உரிமையாளர் மூத்தவர்.

‘நாங்கள்’ யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உடன்பிறந்தார் இருவர். இளையவருக்குத் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் பணி, வயது நாற்பதுகளில். மூத்தவர், அதாவது அக்கா, முப்பதாண்டுகளாக ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் வாழ்கிறவர், வயது 58. அவருடைய கணவர், இளையவருக்கு அத்தான், 2023ஆம் ஆண்டின் இறுதியில் மாரடைப்பால் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று 2012இல் வாங்கிய டொயோட்டா டகோமா பிக்கப் டிரக். ஓய்வு பெற்றபின் அதன்மேல் ஒரு கூண்டு பொருத்தி, பாய்சியிலிருந்து 130 மைல் தொலைவிலுள்ள ஸ்டான்லி எனும் மலையூருக்குப் போய், சாடூத் மலைகளின் அடிவாரத்தில் இரவுகளைக் கழிப்பது இருவரின் திட்டம். அவர் ஓய்வு பெறவில்லை. வண்டி இரண்டு குளிர்காலங்கள் காராஜில் நின்றது. சியாட்டிலில் இருக்கும் மகன் அதை விற்றுவிடலாம் என்றான். “அதை ஓட்டிக்கொண்டு மலைக்கெல்லாம் தனியாகப் போக வேண்டாம் அம்மா” என்பதுதான் விற்பனையின் உட்பொருள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2025ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் இளையவர் அங்கு சென்றிருந்தபோது அக்கா சொன்னது ஒன்றே: “விற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. எந்தக் கூண்டு என்றுதான் யோசிக்கிறேன். நீ இருக்கிற ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.”

ஆகவே நாங்கள் தேடத் தொடங்கினோம்.

மேற்கூண்டுகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது ஃபைபர்கிளாஸ். ஒரே அச்சில் வார்க்கப்படுவதால் இணைப்புகள் குறைவு. மழைநீர் புகுவதானால் சன்னல் ஓரங்களிலும், தொட்டியோடு சேரும் விளிம்பிலும்தான் புகும். எடை 150 முதல் 200 பவுண்டு வரை. வண்டியின் நிறத்திலேயே சாயம் பூசித் தருவார்கள். இரண்டாவது அலுமினியம். எடை சற்றுக் குறைவு. கருவிகளை அடுக்கி வைத்துத் தொழில் செய்கிற தச்சர்களும் மின்பணியாளர்களும் விரும்புவது. அடிபட்டால் நசுங்கும், இரவுக் குளிரை உடனே உள்ளே கடத்தும். மூன்றாவது, சட்டத்தின்மீது இழுத்துக் கட்டும் கேன்வாஸ். 50 பவுண்டுக்கு உட்பட்ட எடை. ஒருவரே மடித்து வைத்துவிடலாம். ஆனால் பூட்டு என்பது பெயரளவில்தான். சாடூத் பகுதியில் கருங்கரடிகள் உண்டு. உணவை வண்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டிய காட்டில், துணிச்சுவரை நம்புவதற்கு எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

விலையும் ஒரு கேள்வியே. புதிய ஃபைபர்கிளாஸ் கூண்டு, சன்னல் வகையையும் உட்பூச்சையும் பொறுத்து, மூவாயிரம் டாலரை எளிதாகத் தாண்டிவிடுகிறது. சொல்லி வைத்தால் செய்து வரப் பல வாரங்கள். நகரத்துக் கடையொன்றில் எட்டு வாரம் என்றார்கள். எங்களிடம் இருந்தவை ஆறு. பழைய கூண்டு மலிவு. ஆனால் அதைச் செருப்பு வாங்குவதுபோல வாங்க வேண்டும். ஒரு காலுக்கு அளவெடுத்தது இன்னொரு காலுக்குச் சேராது. ஒவ்வொரு கூண்டும் குறிப்பிட்ட வண்டியின், குறிப்பிட்ட தலைமுறையின், குறிப்பிட்ட தொட்டி நீளத்துக்கென்றே செய்யப்படுகிறது. எங்களுக்கு வேண்டியது 2005 முதல் 2015 வரை வந்த டகோமாவின் 6 அடித் தொட்டிக்குரியது. 5 அடித் தொட்டிக்குரியவை ஏராளமாகக் கிடைத்தன. அவற்றால் பயனில்லை.

இவையெல்லாம் பட்டியல் போட்டுத் தீர்க்கக்கூடியவை. தீர்க்க முடியாததாக இருந்தது உயரம்.

வண்டியின் முன்பெட்டியில் அத்தானின் சிறு குறிப்பேடு ஒன்று இருந்தது. எண்ணெய் மாற்றிய நாள், சக்கரம் மாற்றிய நாள், ஓடிய மைல் என்று வரிசையாக எழுதியிருந்தார். நடுவே ஒரு பக்கத்தில் பென்சிலால் ஒரு படம்: தொட்டியின் குறுக்கே ஒட்டுப்பலகையாலான மேடை, அதன் அடியில் இழுப்பறைகள், மேடைமேல் மெத்தை. அகலம் 56, நீளம் 73 என்று அங்குலக் கணக்கு. மெத்தையின்மேல் இரண்டு தலையணைகளையும் வரைந்திருந்தார்.

அந்தக் கணக்கை விளக்க வேண்டும். டகோமாவின் தொட்டி ஏறத்தாழ 56 அங்குல அகலம் உடையது. ஆனால் தரை மட்டத்தில் அவ்வளவும் கிடைக்காது. இருபுறமும் சக்கரங்களுக்கு இடம்விட்டுத் தகடு உள்ளே புடைத்து நிற்கிறது. அந்த இரு மேடுகளுக்கும் இடையே மிஞ்சுவது 41½ அங்குலம். அதில் ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். இருவர் படுத்தால் ஒருவர் திரும்பும்போது மற்றவரும் திரும்ப வேண்டும். இருவர் நன்றாக உறங்க வேண்டுமானால் சக்கர மேடுகளுக்கு மேலே பலகை போட்டு, முழு அகலத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தான் அதைத்தான் வரைந்திருந்தார்.

அகலத்தில் வென்றதை உயரத்தில் இழக்க வேண்டியிருக்கிறது. தொட்டியின் ஆழம் 18 அங்குலம். முன்னறையின் கூரைக்குச் சமமாக நிற்கும் வழக்கமான கூண்டு அதன்மேல் ஏறத்தாழ 20 அங்குலம் தரும். ஆக, தரையிலிருந்து கூரைக்கு 38. தரையில் 3 அங்குல மெத்தை விரித்தால் 35 மிச்சம். அக்காவின் உயரம் 5 அடி 1 அங்குலம்; உட்கார்ந்தால் தலை 32 அங்குலத்தில் நிற்கிறது. உட்காரலாம், புத்தகம் படிக்கலாம், சட்டை மாற்றலாம். மேடை போட்டால் கதை வேறு. 11 அங்குலம் பலகைக்குப் போகும். 24 அங்குலம் எஞ்சும். அதில் படுக்கத்தான் முடியும். உள்ளே புகுவதும் வெளியேறுவதும் ஊர்ந்துதான்.

இதற்கு வணிகர்கள் வைத்திருக்கும் விடை உயர்கூண்டு. முன்னறைக் கூரையைவிட ஓங்கி நிற்கும் வகை அது. மேடையும் போடலாம், ஓரளவு உட்காரவும் செய்யலாம். எடை கூடும், எதிர்காற்றில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், காராஜ் கதவின் 7 அடி உயரத்தில் ஒரு சாண் இடைவெளிகூட மிஞ்சாது. இருந்தாலும் முடியாதது ஒன்றுமில்லை. எங்களில் இளையவர் இதன் பக்கமே நின்றார்.

“அத்தான் வரைந்து வைத்தபடியே செய்துவிடலாமே, அக்கா. கொஞ்சம் செலவு கூடும், அவ்வளவுதானே.”

அக்கா குறிப்பேட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். “ஒரு முழங்காலுக்கு மாற்று மூட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. அந்த மேடைமேல் ஏறி இறங்குவது யார்? ஜூன் பாதியில் நீ கல்லூரிக்குப் போய்விடுவாய். செப்டம்பரில் நான்தான் தனியாகப் போகப் போகிறேன்.” சற்று நேரம் கழித்து மீண்டும் சொன்னார்: “இரண்டு பேருக்குப் படுக்கை போட்டால், எனக்கு உட்கார இடமில்லை.”

அளவுநாடா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை. ஒரு மறைவுக்குப் பின்னர் வீட்டில் எத்தனையோ பொருள்கள் இருவருக்குரிய அளவிலேயே தொடர்ந்து கிடக்கின்றன: குக்கர், கட்டில், சாப்பாட்டு மேசை. அவற்றை மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. புதிதாக வாங்குகிற ஒரு பொருள்தான், எத்தனை பேருக்கு என்று அளவு கேட்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டு செப்டம்பரில் இப்படியொரு டிரக்கில்தான் நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். அவருடையது கூண்டன்று, முதுகில் சிறுவீடே கட்டிய ஜி.எம்.சி. வண்டி. டான் குயிக்சாட்டின் குதிரைப் பெயரான ‘ரோசினான்டே’ என்பதையே அதற்கும் சூட்டினார். துணைக்குச் சார்லி எனும் நாய். 1962இல் ‘டிராவல்ஸ் வித் சார்லி’ என நூலாக வந்த அப்பயணத்தைத் தொடங்கும்போது அவருக்கு வயது 58. அந்த வண்டி இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில், அவர் பெயரிலமைந்த காட்சிமையத்தில் நிற்கிறது. தனியர் பயணமாகவே படித்துவந்த அந்நூலைப் பின்னாளில் தடம்பிடித்துச் சென்ற இதழாளர் ஒருவர், பயணத்தின் பல நாள்களில் மனைவி உடனிருந்தார் என்றும், பல இரவுகள் விடுதிகளில் கழிந்தன என்றும் எடுத்துக்காட்டினார். அதைக் கேள்விப்பட்டு அக்கா சிரித்தார். “அவர் இரண்டு பேராகப் போய் ஒருவர் என்று எழுதினார். நாம் அதைத் திருப்பிச் செய்ய வேண்டாம்” என்றார்.

ஒருவருக்கு என்று முடிவானபின் தேர்வு தெளிவாயிற்று. வழக்கமான உயரம், ஃபைபர்கிளாஸ், பழையது. மூன்றாம் வாரத்தில், பக்கத்து ஊரில் தன் டகோமாவை விற்றுவிட்ட ஒருவரிடம், 2014 வண்டிக்குச் செய்த கூண்டு கிடைத்தது. நிறம் சேரவில்லை. எங்கள் வண்டி சாம்பல், கூண்டு வெள்ளை. வெள்ளை வெயிலை உள்வாங்காது என்று சொல்லிக்கொண்டோம். விலை 900 டாலர்.

வாங்குமுன் பார்த்தவற்றைச் சொன்னால், இதே தேவையுடையோர்க்குப் பயன்படலாம். முதலில், பின்கண்ணாடிக் கதவு. பெரும்பாலான கூண்டுகளில் அதன் கைப்பிடி வெளிப்புறம்தான். சரக்குக்குச் செய்த பூட்டு அது. உள்ளே மனிதர் உறங்குவது அதன் கணக்கில் இல்லை. உள்ளிருந்து திறக்கும் வசதி இல்லாத கூண்டில் தனியாக உறங்குவது அறிவுடைமையன்று. எங்களுடையதிலும் அது இல்லை. தனியே வாங்கிப் பொருத்தினோம். அக்கா உள்ளே படுத்து, விளக்கை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை திறந்து பார்த்தார்.

இரண்டாவது, காற்று. மூடிய கூண்டில் உறங்குபவரின் மூச்சீரம் விடியுமுன் கூரையில் துளிர்த்துச் சொட்டும். இரு பக்கச் சன்னல்களும் கொசுவலையோடு நகர்ந்து திறப்பவையாக இருத்தல் நன்று. எவ்வளவு குளிரானாலும் ஒரு விரல் அகலம் திறந்திருக்க வேண்டும். கூரையின் உட்புறம் கம்பளத்துணி ஒட்டியிருந்தால் சொட்டுவது குறையும். குளிருக்கு அஞ்சி உள்ளே அடுப்போ வாயுக் கணப்போ மூட்டுதல் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறக்கத்திலேயே கொன்றுவிடும். மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் ஒட்டினோம்.

மூன்றாவது, புழுதி. மண்சாலையில் ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் தாழ்வதால், பின்பலகையின் இடுக்குகள் வழியே புழுதி உள்ளே இழுக்கப்படும். ஐடஹோவின் காட்டுச் சாலைகளில் பத்து மைல் போனால் படுக்கை மாவில் புரட்டியதுபோல ஆகிவிடும். பின்பலகையைச் சுற்றி ரப்பர்ப் பட்டையும், கூண்டு அமரும் விளிம்பு முழுதும் நுரைப்பட்டையும் ஒட்டினோம். கூண்டிலுள்ள பிரேக் விளக்குக்கு மின்னிணைப்புக் கொடுத்தோம். வண்டியின் உச்சி விளக்கைக் கூண்டு மறைத்துவிடும்.

நான்காவது, எடை. ஓட்டுநர் கதவின் ஓரத்தூணில் ஒட்டியிருக்கும் தாளில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 1,100 பவுண்டை ஒட்டிய எண். கூண்டு 160, நாங்கள் இருவர் 280, பத்து கேலன் தண்ணீர் 83, மற்றவை 200. கூட்டினால் 723. கூண்டின் எடையும் சரக்கே என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூண்டை ஏற்ற நால்வர் தேவைப்பட்டனர். எதிர்வீட்டுக்காரரும் அவர் மகனும் வந்தார்கள். ஆறு கவ்விகளால் இறுக்கினோம். துளை எதுவும் போடவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் 21ஆம் எண் நெடுஞ்சாலையில் ஸ்டான்லி போனோம். கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலுள்ள ஊர் அது. கோடையிலும் இரவு உறைநிலையைத் தொட்டுவிடும். அதைச் சூழ்ந்த நிலப்பரப்பு 2017இல் ‘இருள்வானக் காப்பகம்’ என அறிவிக்கப்பட்டது. 1,400 சதுர மைலுக்கு மேல், செயற்கை வெளிச்சம் மிகக் குறைந்த வானம். அதைப் பார்க்கத்தான் அவர்கள் இருவரும் திட்டமிட்டிருந்தார்கள். தேசிய வனத்தில், மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினோம். அக்கா 41½ அங்குலத்தில் படுத்தார். இளையவர் பக்கத்தில் சிறு கூடாரம் அடித்துக்கொண்டார். சக்கர மேடுகளின் மேல், இருபுறமும் ஏழேழு அங்குலம் மிஞ்சியிருந்த இடத்தில், ஒருபுறம் தண்ணீரும் கைவிளக்கும், மறுபுறம் புத்தகங்களும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன.

நள்ளிரவுக்குப் பின் கைப்பிடி திரும்பும் ஓசை கேட்டது. கண்ணாடிக் கதவு எழுந்தது. அக்கா பின்பலகையில் அமர்ந்து, ஒரு காலை ஊன்றி, பிறகு மறு காலை ஊன்றி, தானாகவே இறங்கி நின்றார். உதவிக்குக் கூப்பிடவில்லை. கூடாரத்திலிருந்து எழுந்து போகவும் தோன்றவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். காலையில் அதைப்பற்றி இருவரும் பேசவில்லை. காப்பி போட்டபோது கூண்டின்மேல் உறைபனி மெல்லப் படிந்திருந்தது. உள்ளே கம்பளத்துணி ஈரமில்லாமல் இருந்தது.

செப்டம்பரில் அவர் தனியாகப் போனார். மூன்று இரவுகள். மகனிடம் புறப்படுமுன்னரே சொல்லிவிட்டு, தங்கும் இடத்தையும் திரும்பும் நாளையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். திரும்பியபின் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் எண்ணெய் மாற்றிய தேதியையும் ஓடிய மைலையும் எழுதி, அதைப் படமெடுத்து இளையவருக்கு அனுப்பினார். முந்தைய பக்கத்துப் பென்சில் கோடுகள் தாளின் வழியே மங்கலாகத் தெரிந்தன.

வரும் கோடை விடுமுறையில் மீண்டும் சேர்ந்து போவதாக இருக்கிறோம். கூடாரத்துக்குச் சற்றுத் தடித்த தரைவிரிப்பு வேண்டும். சென்ற முறை தரையின் குளிர் முதுகில் ஏறிவிட்டது.